அறுபதுக்கு அடுத்த எண்

மார்ச் 2, 1997. ஞாயிறு

ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்தால் பொன்மலரின் தம்பி செல்லத்துரை உட்கார்ந்திருக்கிறார். குவைத்திலிருந்து நேற்றுத்தான் இறங்கினாராம். எல்லோருக்கும் சட்டைத்துணி, சோப்பு, தைலம். எனக்கு ஒரு காமிரா.

"அத்தான், இனிமே அந்த இரும்புக்கட்டையத் தூக்கிட்டு அலையாதிய. இது எல்லாத்தையும் அதுவே பாத்துக்கிடும்" என்றார்.

பொத்தான்களை எண்ணினேன். பதினேழு. உச்சியில் ஒரு சின்னக் கண்ணாடி, அதற்குள் கடிகாரம் மாதிரி எழுத்துகள். கூட வந்த புத்தகம் நூற்றிருபது பக்கம். மகன் ஜெபசிங் அதை வாங்கி வைத்துக்கொண்டு மத்தியானம் முழுக்கப் படித்தான்.

"அப்பா, ஓடுதவன எடுக்க ஒரு மோடு, பூவ எடுக்க ஒரு மோடு, மலைய எடுக்க ஒரு மோடு."

"நம்ம ஸ்டூடியோவுக்கு எவம்ல ஓடி வாரான்?" என்றேன். செல்லத்துரைகூடச் சிரித்தார்.

என் பழைய காமிராவில் திருப்புவதற்கு மூன்றே சாமான். மேலே வேகத்துக்கு ஒரு டயல். லென்ஸில் வெளிச்சத்துக்கு ஒரு வளையம், தூரத்துக்கு ஒரு வளையம். பாட்டரி கிடையாது. டயல் ஒவ்வொரு எண்ணிலும் 'டக்'கென்று உட்காரும். கண்ணை மூடிக்கொண்டு விரலாலேயே எண்ணிவிடலாம். படம் கெட்டால் எந்த இடத்தில் கெடுத்தேன் என்று எனக்குத் தெரியும். இந்தப் புதுசு என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எல்லாவற்றையும் முடிவு செய்துகொள்கிறது. பெட்டியில் போட்டு அலமாரியில் வைத்தேன். செல்லத்துரைக்கு வருத்தம்தான்.

அவர் வந்ததன் முக்கியக் காரியம் ஜெபசிங்கின் வேலை. அவர் கம்பெனியிலேயே ஸ்டோர் கிளார்க். பாஸ்போர்ட் வந்ததும் விசா.

மார்ச் 6, வியாழன்

செல்லத்துரை மனம் கோணக்கூடாதே என்று ஒரு ஞானஸ்நானத்துக்குப் புதுக் காமிராவை எடுத்துப் போனேன். சர்ச் ஐயர் தண்ணீரை அள்ளுகிறார். காமிரா அவருடைய வெள்ளை அங்கியைப் பார்த்து 'கர்ர்', குழந்தையைப் பார்த்து 'கர்ர்', முன்னும் பின்னும் போய்க்கொண்டே இருக்கிறது. அது ஒரு முடிவுக்கு வந்து படம் பிடித்தபோது குழந்தையின் தலையைத் துவட்டியாகிவிட்டது. தோளில் கிடந்த பழையதை எடுத்து மீதியை முடித்தேன்.

ஃபிலிம் கழுவுகிற ஹைப்போ தீரப்போகிறது. வாங்க வேண்டும்.

மார்ச் 11, செவ்வாய்

ஜெபசிங்கின் பாஸ்போர்ட் ஃபைல் விசாரணைக்காகப் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்துவிட்டதாம்.

மார்ச் 14, வெள்ளி

காலை ஏழு மணிக்கு ஸ்டேஷனில் கூப்பிட்டார்கள். விபத்து, கிணறு, தூக்கு எதுவானாலும் இருபது வருடமாகப் படம் எடுக்க நான்தான் போகிறேன். லாக்கப்பில் தூக்கு. உச்சிமாகாளி என்று ஒரு லோடுமேன், வயது இருபத்தாறு. மோட்டார் ஒயர் திருட்டு சம்பந்தமாக முந்தாநாள் பிடித்து வந்தவன். பதினோரு படம். அறைக்குள் வெளிச்சம் போதாது, எல்லாம் ஃப்ளாஷ்.

மத்தியானம் சாப்பிடவில்லை. வெயில்.

மார்ச் 15, சனி

ஃபிலிமைக் கழுவினேன். எட்டுப் படம் நன்றாக இருக்கிறது. மூன்றில் பாதி கறுப்பு.

ஃப்ளாஷ் போட்டு எடுக்கும்போது இந்தக் காமிராவில் வேகம் அறுபதில் இருக்க வேண்டும். அடுத்த எண் நூற்றிருபத்தைந்து. அதில் வைத்தால், ஃப்ளாஷ் அடிக்கிற நேரத்தில் உள்ளே இருக்கிற திரை பாதி மூடிவிடும். படத்தில் ஒரு பக்கம் துலக்கமாக விழும், மறுபக்கம் மை பூசினாற்போல ஆகிவிடும். தொழில் படிக்க வருகிறவர்கள் முதல் வாரத்தில் செய்கிற தவறு. டயல் திரும்பியிருக்கிறது. கவனிக்கவில்லை.

பிரின்ட்டையும் நெகட்டிவையும் ஸ்டேஷனில் கொடுத்துவிட்டேன். இன்ஸ்பெக்டர் ராஜமாணிக்கம் ஒவ்வொன்றாகப் பார்த்தார். அந்த மூன்றைக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தார். மற்றவற்றோடு சேர்த்துக் கவரில் போட்டார்.

பஸ் ஸ்டாண்டில் மறியல். அந்தப் பையனின் சொந்தக்காரர்கள். கடையைப் பாதி ஷட்டர் இறக்கி வைத்தேன்.

மார்ச் 17, திங்கள்

பாஸ்போர்ட் விசாரணைக்கு ஜெபசிங்கைக் கூப்பிட்டார்கள். பத்து நிமிடத்தில் திரும்பி வந்துவிட்டான். ஒரு கேள்விகூடக் கேட்கவில்லையாம். பொன்மலர் சேமியாப் பாயசம் வைத்தாள்.

மார்ச் 28. பெரிய வெள்ளி

மூன்று மணி நேர ஆராதனை. பாதியில் எழுந்து வந்துவிட்டேன். தலைவலி.

ஏப்ரல் 9, புதன்

ஸ்டேஷனில் நடந்த சாவு என்பதால் ரெவின்யூ ஆர்.டி.ஓ. விசாரணை. என்னையும் அழைத்திருந்தார்கள். ஆர்.டி.ஓ. ஒரு பெண். ஐம்பது வயது இருக்கும், மெல்லப் பேசுகிறார். பதினோரு படத்தையும் மேஜையில் வரிசையாகப் பரப்பி வைத்திருந்தார்.

"இந்த மூணு மட்டும் ஏன் பாதி கறுப்பா இருக்கு?"

"பழைய காமிரா மேடம். முப்பது வருஷம் ஆச்சு. டயல் தேஞ்சு போச்சு. தானா நகந்துரும்."

"வேற காமிரா இல்லையா உங்ககிட்ட?"

"புதுசு ஒண்ணு இருக்கு மேடம். பழக்கமில்ல."

எழுதிக்கொண்டார். கையெழுத்துப் போட்டேன்.

சுவரோரம் பெஞ்சில் உச்சிமாகாளியின் மனைவி இருந்தாள். பேச்சித்தாய் என்று கூப்பிட்டார்கள். எனக்கு முன்பே அவளை உள்ளே அழைத்து, இது உன் புருஷன்தானா என்று இதே படங்களைக் காட்டியிருக்கிறார்கள்.

வெளியே இன்ஸ்பெக்டர் என் தோளில் கை போட்டார். "ஒரு டீ சாப்பிட்டுப் போங்க அண்ணாச்சி." சாப்பிட்டேன்.

ஏப்ரல் 12, சனி

கல்யாண வீட்டுக்குப் புதுக் காமிராவையே கொண்டுபோனேன். ஜெபசிங் ஆச்சரியப்பட்டான். "என்னப்பா, கட்டைய விட்டுட்டிய?" படங்கள் எல்லாம் சரியாகத்தான் வந்தன. ஒரு குறையும் சொல்ல முடியாது.

சாயங்காலம் ஸ்டூடியோவில் தனியாக இருந்தபோது அதில் ஃப்ளாஷைப் பொருத்தி வேகத்தைக் கூட்டிப் பார்த்தேன். விடமாட்டேன் என்கிறது. எத்தனை முறை மாற்றினாலும் கண்ணாடிக்குள் அதற்கென்று உள்ள எண்ணே திரும்ப வந்து நிற்கிறது. அன்று இதை எடுத்துப் போயிருந்தால்

(மேலே உள்ளதை அடிக்க நினைத்தேன். இருக்கட்டும்.)

ஏப்ரல் 21, திங்கள்

பதினோரு மணி இருக்கும். கடையில் ஆள் இல்லை. பேச்சித்தாய் வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. பீடி சுற்றுகிற கை, விரல் நுனியெல்லாம் பழுப்பு.

"அவுக போட்டோ ஒண்ணு வேணும் அண்ணாச்சி."

"ஸ்டேஷன்ல கேக்கணும்மா. நெகட்டிவ் அங்கதான் இருக்கு."

"கேட்டேன். தர முடியாதுன்னுட்டாவ. எங்க கல்யாணத்துக்கு போட்டோ எடுக்கல. அவுக படம்னு வீட்ல ஒண்ணுகூட இல்ல. நீங்க எடுத்ததுதான் இருக்கு."

முகத்தை மட்டும் எடுத்த படத்தில், பேப்பர் சரியா என்று பார்க்கப் போட்ட பிரின்ட் ஒன்று டிராயரில் கிடந்தது. கழுத்து தெரிகிற பகுதியைக் கட்டரில் வைத்து வெட்டினேன். தாடைக்குக் கீழே ஒன்றும் இல்லாதபடி. கவரில் போட்டுக் கொடுத்தேன். அவள் கவரிலிருந்து எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அழவில்லை.

"நல்லா விழுந்துருக்கு. மீச முடிகூட தெரியுது."

நான் மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணாச்சி, அந்தம்மா ஆபீஸ்ல மூணு படம் காட்டுனாவ. பாதி கறுப்பா இருந்துச்சு."

"டயல் வழுக்கிட்டும்மா. பழைய காமிரா."

"மூணு தடவையுமா?"

"ஆமா."

"மூணு தடவையும் கால் இருக்க பக்கமாவா வழுக்குச்சு?"

கோபமாகக் கேட்கவில்லை. வழி தெரியாதவர்கள் வழி கேட்கிற மாதிரிதான் கேட்டாள். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தேன். அவள் படத்தைச் சேலைக்குள் வைத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டாள்.

ஏப்ரல் 22, செவ்வாய்

மார்ச் 14 அன்று எழுதாததை எழுதுகிறேன்.

நான் போனபோது உடம்பைக் கீழே இறக்கிக் கிடத்தியிருந்தார்கள். ஜன்னல் கம்பியில் அவன் கட்டியிருந்த சாரத்தின் துண்டு தொங்கியது. பக்கத்தில் கவிழ்ந்த பிளாஸ்டிக் பக்கெட். அதன் மேல் ஏறிக் கழுத்தில் மாட்டிக்கொண்டான் என்று ஏட்டு சொன்னார். முகம், கழுத்து, கம்பி, பக்கெட் எல்லாம் எடுத்தேன். பிறகு முழு உடம்பை எடுக்கக் கால் பக்கம் போனேன்.

உள்ளங்கால் இரண்டும் ஊதிக் கருநீலமாக இருந்தன. குதிகாலில் தோல் பிளந்து, உள்ளே சதை தெரிந்தது. இடது காலில் பெருவிரல் நகம் இல்லை. கணுக்காலைச் சுற்றிக் கயிற்றுத் தடம். அவ்வளவு பிணம் பார்த்திருக்கிறேன், எனக்குப் புரியாமல் இல்லை. அந்தக் காலை ஊன்றி யாராலும் நிற்க முடியாது.

இன்ஸ்பெக்டர் வாசலில் நின்றார்.

"மேல எடுத்தது போதும் அண்ணாச்சி."

"முழுசா எடுக்கணும்லா சார். அதான் வழக்கம்."

"வழக்கம்தான். எடுங்க. எடுத்த மாதிரியும் இருக்கணும்." பிறகு சொன்னார்: "உங்க பையன் ஃபைல் எங்கிட்டத்தான் இருக்கு. நல்ல பையன்னு கேள்விப்பட்டேன்."

இவ்வளவுதான் சொன்னார். டயலைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. அப்படி ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது. பக்கத்தில் நின்று பார்க்கிறவனுக்குக்கூட நான் என்ன செய்கிறேன் என்று தெரியாது. விரலை வைத்து ஒரு எண் நகர்த்தினேன். எந்தப் பக்கம் கறுப்பாகும் என்று எனக்குத் தெரியும். கால் அந்தப் பக்கம் வரும்படி காமிராவைப் பிடித்தேன். மூன்று படம். பிறகு விரலை வைத்துப் பழையபடி அறுபதுக்குக் கொண்டுவந்தேன். அதற்குப் பின் எடுத்த இரண்டும் ஒழுங்காக இருக்கின்றன.

காமிராவை உறையில் போட்டு மூடினேன்.

ஏப்ரல் 24, வியாழன்

"மூணு நாளா சோறு இறங்கல. என்னன்னு சொல்லுதியளா இல்லியா?" என்று பொன்மலர் பிடித்துக்கொண்டாள். சொன்னேன். ஜெபசிங்கும் இருந்தான்.

பொன்மலர் உள்ளே போய்ப் பேப்பரை எடுத்து வந்தாள். சாவு குறித்துத் தகவல் தெரிந்தவர்கள் முப்பதாம் தேதிக்குள் ஆர்.டி.ஓ. முன் சொல்லலாம் என்று அறிவிப்பு வந்திருந்தது. அவளும் அதைப் பார்த்திருக்கிறாள்.

"இப்ப போய் சொன்னா இவன் பாஸ்போர்ட்டும் பயணமும் என்ன ஆகும்?"

"ஒரு கேஸப் போட்டு இன்ஸ்பெக்டர் நிப்பாட்டிருவான்."

ஜெபசிங் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்: "ஒம்பதாம் தேதி டிக்கட்டுப்பா. பதினஞ்சு நாள்தான். நான் போயிருதேன். பெறகு நீங்க என்ன வேணும்னாலும் சொல்லுங்க."

"முப்பதாம் தேதியோட விசாரணைய முடிச்சிருவாவலே."

"செத்தவன் செத்துட்டான்லாப்பா."

அவன் அப்படிப் பேசுகிறவன் அல்ல. சொன்னதும் அவனுக்கே பொறுக்கவில்லை, எழுந்து வெளியே போய்விட்டான். பொன்மலர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "புள்ள போகட்டும்" என்றாள்.

சரி என்றேன். யாரும் என்னைக் கட்டிப்போடவில்லை. பஸ் பிடித்தால் ஆர்.டி.ஓ. ஆபீஸ் முக்கால் மணி நேரம். அதையும் எழுதி வைக்கிறேன்.

ஏப்ரல் 30, புதன்

கடையில் இருந்தேன். ஆறு பாஸ்போர்ட் சைஸ், ஒரு குடும்பப் படம்.

மே 2, வெள்ளி

ஆர்.டி.ஓ. அறிக்கை கலெக்டருக்குப் போய்விட்டது என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். தற்கொலை. காயம் பற்றிப் பிரேதப் பரிசோதனையிலும் ஒன்றும் இல்லையாம், படத்திலும் இல்லையாம்.

மே 9, வெள்ளி

திருவனந்தபுரம் ஏர்போர்ட்டில் ஜெபசிங்கை விட்டுவிட்டு வந்தோம். உள்ளே போகும்போது அம்மாவைக் கட்டிக்கொண்டான். என் கையைப் பிடித்து, "ஒடம்பப் பாத்துக்கிடுங்கப்பா" என்றான். வரும் வழியில் நாகர்கோவிலில் சாப்பாடு. பொன்மலர் இலையில் இருந்ததை அளைந்துகொண்டே இருந்தாள்.

மே 12, திங்கள்

ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குப் போனேன். இரண்டு மணி நேரம் காத்திருந்து உள்ளே விட்டார்கள். நின்றுகொண்டே சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அறிக்கை போய் பத்து நாள் ஆச்சு."

"தெரியும் மேடம்."

"அன்னைக்கு என் முன்னாடி கையெழுத்துப் போட்டுச் சொன்னீங்க, காமிரா பழுதுன்னு."

"பொய் மேடம்."

"இப்ப உங்க பையன் எங்க இருக்கார்?"

நான் பையனைப் பற்றி அதுவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. பாஸ்போர்ட் ஃபைல் விஷயம் அவர் காதுக்கு எப்படியோ போயிருக்கிறது.

"குவைத்துல மேடம்."

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். என்னைத் திட்டியிருக்கலாம். "எழுதிக் குடுத்துட்டுப் போங்க. மேல அனுப்புறேன். அதுக்கு மேல என் கையில ஒண்ணும் இல்ல" என்றார்.

மே 13, செவ்வாய்

பேச்சித்தாய் வீட்டைத் தேடிப் போனேன். குளத்தங்கரைத் தெருவில் கடைசி வீடு. வாசலில் முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தும் கை நிற்கவில்லை.

"டயல் வழுக்கலம்மா. நான்தான்."

"தெரியும்."

"இன்ஸ்பெக்டர்..."

"அவுகள விடுங்க. நீங்க பாத்தத சொல்லுங்க. எங்கள யாரும் பாக்க விடல. துணியச் சுத்திக் குடுத்தாவ. கால் பக்கம் அவுக்கப் போனேன், ஒரு போலீஸ்காரி கையப் பிடிச்சுக்கிட்டா. சுடுகாடு வரைக்கும் போலீஸ். கறுப்பா இருந்த பக்கத்துல என்ன இருந்துச்சு?"

சொல்ல ஆரம்பித்தேன். உள்ளங்கால் வீங்கியிருந்தது என்றேன்.

"எந்தக் கால்?"

"ரெண்டும்."

"என்ன நெறத்துல?"

சொன்னேன். குதிகாலைச் சொன்னேன். நகத்தைச் சொன்னேன். எந்த விரல் என்று கேட்டாள். கயிற்றுத் தடத்தைச் சொன்னபோது அவள் கையில் இருந்த இலை கிழிந்தது. அதை எடுத்துப் போட்டுவிட்டு வேறு இலையை எடுத்தாள், ஆனால் சுற்றவில்லை.

"அந்தக் காலோட அவுக பக்கெட் மேல ஏறியிருப்பாவளா அண்ணாச்சி?"

"ஏற முடியாதும்மா. நிக்கவே முடிஞ்சிருக்காது."

அவள் முறத்தைக் கீழே வைத்தாள். சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு குனிந்தாள். சத்தமே இல்லை. முதுகு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. எதிர்வீட்டுப் பெண் ஒருத்தி ஓடி வந்து பிடித்துக்கொண்டு, யார் நீர், என்ன சொன்னீர் என்று என்னைச் சத்தம் போட்டாள். நான் அங்கேயே நின்றேன். போவதற்கு எனக்கு உரிமை இல்லை என்று தோன்றியது.

வெகு நேரம் கழித்துப் பேச்சித்தாய் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"இத எங்களுக்காவ கேஸ் நடத்துத வக்கீலம்மாட்ட வந்து சொல்லுவியளா?"

"சொல்லுதேன்."

"எப்ப?"

"இப்பவே."

செருப்பை மாட்டிக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தாள். பஸ்ஸில் முன்பக்கம் போய் உட்கார்ந்தாள். என் டிக்கெட்டை நான் எடுத்தேன்.

மே 25, ஞாயிறு

ஜெபசிங் போன் செய்தான். பொன்மலர் எல்லாவற்றையும் சொன்னாள் போலிருக்கிறது. ரிசீவரை என்னிடம் நீட்டினாள். வாங்கிக் காதில் வைத்தேன். அவன் அதற்குள் வைத்துவிட்டிருந்தான்.

ஜூன் 4, புதன்

ஸ்டேஷன் வேலைக்கு இப்போது பக்கத்து ஊர் ஆள் வருகிறார். ஸ்டூடியோ கண்ணாடியில் இரண்டாவது முறையாகக் கல். பொன்மலர் பெருக்கி அள்ளினாள். நான் அட்டையை வைத்து ஓட்டையை மறைத்தேன்.

வக்கீலம்மா தெளிவாகவே சொல்லிவிட்டார். "கோர்ட்ல நீங்க இதைச் சொன்னா, தடயத்தை மறைச்சதா உங்க மேலயும் கேஸ் வரும். நான் உங்க வக்கீல் இல்ல, அந்தப் பொண்ணோட வக்கீல். யோசிச்சுக்கோங்க." யோசிக்க ஒன்றும் இல்லை என்றேன். வீட்டுக்கு வந்ததும் யோசித்தேன். சிறைக்குப் போக எனக்குப் பயம்தான்.

ஜூன் 16, திங்கள்

மாஜிஸ்திரேட் கோர்ட். பேச்சித்தாய் கொடுத்த தனிப் புகாரில் என் வாக்குமூலம். வராந்தாவில் இன்ஸ்பெக்டரும் இரண்டு போலீஸ்காரர்களும் நின்றார்கள். நான் அவர்களைக் கடந்து உள்ளே போனேன்.

காமிராவைக் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். மாஜிஸ்திரேட் சின்ன வயது. அதை வாங்கி முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, டயல் எது என்று கேட்டார். காட்டினேன். கட்டைவிரலால் தள்ளிப் பார்த்தார். அசையவில்லை. இரண்டு விரலால் பிடித்துத் திருப்பினார். 'டக்'. இன்னொன்று. 'டக்'.

"ஆர்.டி.ஓ. விசாரணைல இது தேஞ்சு போச்சுன்னு சொல்லியிருக்கீங்க."

"காமிராவுல ஒரு பழுதும் இல்லய்யா."

கேட்டதற்கெல்லாம் சொன்னேன். கால்களைப் பற்றிச் சொல்லும்போது பேச்சித்தாய் இருந்த பக்கம் திரும்பவில்லை. காமிராவில் சீட்டுக் கட்டி அலமாரியில் வைத்துப் பூட்டினார்கள். எப்போது கிடைக்கும் என்று கேட்டேன். தெரியாது என்றார் குமாஸ்தா.

வாக்குமூலத்தைத் தட்டச்சு செய்து படித்துக் காட்டினார்கள். இரண்டு பக்கம். எல்லாம் சரியாக இருந்தது. ஒரு வரியில் மட்டும் நிறுத்தச் சொன்னேன். 'அப்போது டயல் அறுபதிலிருந்து நூற்றிருபத்தைந்துக்குத் திரும்பியது' என்று அடித்திருந்தார்கள்.

"திரும்பியது இல்லய்யா. திருப்பினேன்."

குமாஸ்தா மாஜிஸ்திரேட்டைப் பார்த்தார். அவர் தலையசைத்தார். குமாஸ்தா பேனாவால் அடித்து, மேலே 'திருப்பினேன்' என்று எழுதி, அதன் பக்கத்தில் என்னைச் சுருக்கொப்பம் போடச் சொன்னார். போட்டேன்.